டிரம்பெட்டுக்கு விட்ட இடம்

செத்துப்போன ஒருவனைக் கல்யாணத்துக்குக் கல்யாணம் தப்பாக ஊத வைக்கிறார் விழுப்புரத்துப் பேண்டு மாஸ்டர். இதை அவர் முகத்துக்கு நேராகவே சொன்னேன். எனக்கு ஒரு பதிலும் ஊருக்கு வேறொரு பதிலும் சொல்கிறார். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் திண்டிவனத்தில் மரக்காணம் ரோட்டில் தையல் கடை வைத்திருக்கிறேன். பிழைப்பு ஜாக்கெட்டில்தான் ஓடுகிறது. ஆனால் பல வருஷமாக அந்தப் பேண்டு செட்டுக்குக் கோட்டு தைப்பது நான்தான். சிவப்புத் துணி, தோளில் மஞ்சள் குஞ்சம், நெஞ்சில் இரண்டு வரிசைப் பித்தளைப் பட்டன். விழுப்புரத்தில் தையல்காரர்களே இல்லையா என்று கேட்பார்கள். இருக்கிறார்கள். குஞ்சத்தை ஒழுங்காகத் தொங்கவிடத் தெரிந்தவர்கள் இல்லை.

டிரம்பெட் ஊதுகிறவன் அளவு கொடுக்க வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. ஒல்லியான ஆள். டேப்பைப் போட்டுப் பார்த்து முப்பத்தாறு என்று எழுதினேன்.

“அக்கா, ஊதும்போது நாப்பது” என்றான்.

“யாரு, நீயா? உன் ஒடம்புக்கு நாப்பதுன்னா ரெண்டு பேரு பூந்துக்கலாம்.”

“ரெண்டு பேரு காத்து இருக்குதுக்கா உள்ள.”

நான் நம்பவில்லை. முப்பத்தெட்டு வைத்துத் தைத்துக் கொடுத்தேன். அடுத்த வாரமே ஒரு மாப்பிள்ளை அழைப்பில் இரண்டாவது பட்டன் தெறித்து, மாப்பிள்ளையின் மாமன் ஏந்திக்கொண்டிருந்த சந்தனக் கிண்ணத்தில் போய் விழுந்தது. பித்தளையைத் தங்கம் என்று நினைத்து மாமன் அதை வேட்டி மடியில் செருகிக்கொண்டாராம். மறுநாள் இவன் கடை வாசலில் வந்து நின்றான்.

“சொன்னேன் இல்ல? எங்க பேச்ச யாரு கேக்கறாங்க.”

மூச்சை இழுத்து நிறுத்தச் சொல்லி மறுபடி அளந்தேன். நாற்பதே கால். அன்றிலிருந்து ஊதுகிற ஆட்கள் எல்லோருக்கும் மூச்சை இழுக்கச் சொல்லித்தான் அளவெடுக்கிறேன். அந்தப் பழக்கம் அவனால் வந்தது.

புதுக் கோட்டைப் போட்டால் மற்றவர்கள் கண்ணாடியைப் பார்ப்பார்கள். அவன் டிரம்பெட்டை எடுத்து ஊதிப் பார்ப்பான். பட்டன் நின்றால் கோட்டு சரி. எதிரில் மெடிக்கல் ஷாப் வைத்திருப்பவர் வெளியே வந்து கத்துவார். “யம்மா டைலரு, தலவலி வருதும்மா இந்த ஆளால!”

“உனக்குத்தாண்ணே வியாபாரம் ஏத்திக் குடுக்கறேன்” என்பான் இவன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாதா கோயிலில் ஊதுவான். சாயங்காலம் மாரியம்மன் ஊர்வலத்தில் ஊதுவான். “ரெண்டு பக்கமும் எனக்கு சிபாரிசு இருக்குதுக்கா” என்று சொல்வான். அவன் வீடு திண்டிவனத்துப் பக்கம், அவன் செட் விழுப்புரத்தில். அதனால் இரண்டு ஊரும் அவனை எங்க ஆளு என்றுதான் சொல்லும். இன்றும் சொல்கிறது.

ஒரு பழைய சினிமாப் பாட்டு இருக்கிறது. எந்தக் கல்யாண ஊர்வலத்திலும் அது இல்லாமல் முடியாது. பல்லவி முடிந்து சரணம் எடுக்கும் முன்னால், சினிமாவில் இல்லாத ஒரு துண்டை அவன் அதில் சேர்த்திருந்தான். எட்டு எண்ணுவதற்குள் முடிந்துவிடும். டிரம், கிளாரினெட் எல்லாம் நின்றுவிடும், அவன் மட்டும் ஊதுவான். பப்பப் பாரப் பப்பா என்று மேலே ஏறிப் போய், கடைசியில் ஒரு வால் வரும். அந்த வால்தான் அவன். கல்யாணத்துக்குக் கல்யாணம் அது மாறும். மாப்பிள்ளை இரண்டு மணி நேரம் தாமதமாக வந்திருந்தால் கொட்டாவி விடுவது போல இழுப்பான். பெண் அழுதுகொண்டிருந்தால் கோழி கொக்கரிப்பது போல ஊதுவான், அவள் சிரிக்கிற வரைக்கும். சம்பந்திகள் முறைத்துக்கொண்டு நின்றால் குழந்தை சிணுங்குவது போல வரும். இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்து அசடு வழிவார்கள். ஜனம் அந்த வாலுக்காகவே ஊர்வலத்தின் பின்னால் நடக்கும். பந்தியில் உட்கார்ந்தவர்கள் இலையை விட்டு எழுந்து வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

முப்பத்தொரு வயதில் ஒரு வாரக் காய்ச்சலில் போய்விட்டான். அதைப் பற்றி அதிகம் எழுத எனக்கு வராது. அவனும் ஜனத்தை அழ வைக்கிற ஆள் இல்லை.

அவன் போன பிறகு செட் வாசித்த முதல் கல்யாணம் திண்டிவனத்தில் நடந்தது. நான் அங்கே இருந்தேன். அன்று பிறந்த வழக்கம் தங்கள் ஊரில்தான் ஆரம்பித்தது என்று விழுப்புரத்துக்காரர்கள் சொல்வது சுத்தப் பொய். பெண்ணழைப்பு. பெண் திறந்த காரில் பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தாள். செட் அந்தப் பாட்டை எடுத்தது. பல்லவி முடிந்தது. பழக்க தோஷத்தில் எல்லோரும் வாசிப்பை நிறுத்திவிட்டு இடது பக்கம் பார்த்தார்கள். அவன் நிற்கிற பக்கம். அங்கே யாரும் இல்லை.

ஒரு சத்தமும் இல்லை. மாஸ்டர் கிளாரினெட்டைக் கீழே இறக்கிவிட்டார். அப்போது காரில் இருந்த மணப்பெண் மாலையை ஒதுக்கிக்கொண்டு வாயைத் திறந்தாள். “பப்பப் பாரப் பப்பா!” வாலையும் விடவில்லை. கழுதை கத்துவது போல ஒன்றைச் சேர்த்துக்கொண்டாள்.

அவள் மாமியாராகப் போகிறவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். “இன்னாடி இது, பொண்ணா பேண்டா?”

தெருவே சிரித்தது. டிரம்காரர் அடி எடுத்தார், ஊர்வலம் நகர்ந்தது.

அடுத்த கல்யாணத்தில் செட் வேண்டுமென்றே அந்த இடத்தை விட்டது. ஜனம் வாயால் ஊதியது. பிறகு எல்லாக் கல்யாணத்திலும் அப்படித்தான். திண்டிவனத்தில் வாயால் ஊதுவோம். விழுப்புரத்தில் விசில் அடிப்பார்கள். அது என்ன ஊதல்? டிரம்பெட் என்ன குக்கரா? இரண்டு ஊரும் கலந்த கல்யாணம் என்றால் பெண் வீட்டார் ஒரு வாலும் மாப்பிள்ளை வீட்டார் ஒரு வாலும் விட்டுப் போட்டி நடக்கும். அவனை ஒரு முறைகூட பார்க்காத சின்னப் பிள்ளைகள்கூட அந்தத் துண்டைச் சரியாக ஊதுகின்றன. எனக்குத் தெரிந்து எந்தப் பெரிய மனிதனுக்கும் இப்படி ஒரு இடம் விட்டு வைத்ததில்லை.

போன ஆவணியில் அந்த இடம் போய்விட்டது.

ஒரு மாப்பிள்ளை அழைப்பு. செட்டோடு ஒரு தள்ளுவண்டி வந்தது. அதில் இரண்டு ஸ்பீக்கர், ஒரு கீபோர்டு, அதை வாசிக்க ஒரு ஆள். பாட்டு வந்தது, பல்லவி முடிந்தது. நாங்கள் எல்லோரும் வாயைத் திறந்தோம். ஸ்பீக்கரிலிருந்து டிரம்பெட் சத்தம் வந்தது. அவனுடைய டிரம்பெட்டேதான். நூறு பேர் திறந்த வாயை மூடாமல் நின்றோம். ஈ பூந்திருந்தாலும் தெரிந்திருக்காது.

சிலர் கைதட்டினார்கள், சிலர் கண்ணைத் துடைத்தார்கள். எனக்கு மட்டும் உடம்பெல்லாம் எரிந்தது. ஏனென்றால் அந்தச் சத்தத்தை எங்கே பிடித்தார்கள் என்று எனக்குத் தெரியும்.

அவன் உயிரோடு இருந்தபோது கோலியனூரில் ஒரு கல்யாணம். பெண் வீட்டில் ஒரு கூடை மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, அவித்துச் செட்டுக்காரர்களுக்குக் கொடுத்திருந்தார்கள். எல்லோரும் உட்கார்ந்து உரித்துத் தின்றுகொண்டிருந்தார்கள். திடீரென்று மாப்பிள்ளை வந்துவிட்டார். மாஸ்டர் எழுந்து, “ஏய், ஊதுறா ஜல்தி!” என்றார். வாய் நிறைய மல்லாட்டையோடு இருந்தவன் பாதியை விழுங்கி, பாதியைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு ஊதினான். பப்பப் பாரப் என்று ஏறியது, அங்கே சறுக்கிப் பீஈ என்று கன்றுக்குட்டி மாதிரி கத்தியது. அவனுக்கே சிரிப்பு வந்து, வால் வராமலே நின்றுவிட்டது. பக்கத்தில் நின்ற ஒருவர் அதைப் போனில் பிடித்தார். மற்ற வீடியோக்களில் எல்லாம் டிரம்மும் வெடிச் சத்தமும் அவன்மேல் விழுந்து கிடக்கும். இதில் டிரம்காரர்கள் இன்னும் தின்றுகொண்டிருந்ததால் அவன் சத்தம் மட்டும் சுத்தமாக இருக்கிறது. அதைத்தான் வெட்டி எடுத்துக் கீபோர்டில் ஏற்றியிருக்கிறார்கள். இப்போது ஒவ்வொரு கல்யாணத்திலும் அவனுக்கு மல்லாட்டை தொண்டையில் மாட்டுகிறது. அதே சறுக்கல், அதே பீஈ. வால் இல்லை. மாப்பிள்ளை சீக்கிரம் வந்தாலும் தாமதமாக வந்தாலும் ஒன்றுதான்.

அவன் மனைவி வானூர்ப் பக்கம் வேலைக்குப் போகிறாள். அவளிடம் கேட்டேன். “மொத வாட்டி கேட்டப்ப சிரிப்பு தாங்கலக்கா. அவரே வந்து நின்னாப்புல இருந்துச்சு. ஆனா அதையே எத்தினி வாட்டி சிரிக்கிறது?” என்றாள்.

இப்போது என் வீட்டு விஷயம். வருகிற தை மாதம் என் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை விழுப்புரம். சம்பந்தி வீட்டில் இதே செட்டைப் பேசி முடித்துவிட்டார்கள். என் மகள் சின்ன வயதில் என் கடையில் பட்டன் பொறுக்கிக்கொண்டு, அவன் ஊதுவதைக் கேட்டு வளர்ந்தவள். தன் ஊர்வலத்தில் விட ஒரு வாலை யோசித்து வைத்திருக்கிறாள். என்னவென்று எனக்கே சொல்ல மாட்டேன் என்கிறாள். “யம்மா, அந்த மெஷினு ஊதுச்சின்னா நான் கார வுட்டு எறங்கி நடந்தே மண்டபத்துக்குப் போயிடுவேன்” என்றாள். செய்வாள். என் பெண்தானே.

அதனால் பஸ் ஏறி விழுப்புரம் போனேன். பேண்டு செட்டின் அறை ரயில்வே கேட் பக்கம் இருக்கிறது. கீபோர்டுக்காரர் உட்கார்ந்து ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். மாஸ்டர் கிளாரினெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“வா டைலரம்மா. கோட்டு ரெடியா?”

“கோட்டு கெடக்கட்டும் மாஸ்டர். அந்த மெஷின எதுக்கு வச்சீங்க?”

“ஜனங்க கேக்கறாங்கம்மா. அவன் ஊதனதே கேக்குது, இன்னா க்ளியரு!”

“எந்த ஜனம்? ஒரு ஆளச் சொல்லுங்க.”

“எல்லா ஜனமும்தான்.”

“நானும் ஜனந்தான். நான் கேக்கல.”

கீபோர்டுக்காரர் நடுவில் வந்தார். “யக்கா, அது ஒரிஜினலுக்கா.”

“ஒரிஜினலா? அது மல்லாட்ட மாட்டிக்கின சத்தம்யா.”

அவர் பட்டனைத் தட்டிக் கேட்டார். மறுபடியும் தட்டினார். “அய்ய, ஆமாக்கா. நான் அத அவரு ஸ்டைலுன்னு நெனச்சிக்கினு இருந்தேன்” என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மாஸ்டர் சிரிக்கவில்லை. கீபோர்டுக்காரரை டீ வாங்கிவர அனுப்பிவிட்டு என்னை உட்காரச் சொன்னார்.

“நீங்கள்லாம் எதிர்ல நின்னு கேட்டவங்க. நான் அவன் பக்கத்துல நின்னவன். அந்த எடம் வந்தா நீங்க வாயால ஊதறீங்க, சிரிக்கறீங்க. அடுத்தது நான் கிளாரினெட்டுல சரணம் எடுக்கணும். எடுக்க முடியல டைலரம்மா. காத்து வரல. எத்தினியோ கல்யாணத்துல சும்மா வாயில வச்சிக்கினு வெரல ஆட்டிக்கினு நின்னேன். மெஷினு ஊதுச்சின்னா அவன் நிக்கறான்னு நெனச்சி எடுத்துடறேன்.”

ஆனாலும் கேட்டேன். “இத சொல்ல வேண்டியதுதான? ஜனங்க கேக்கறாங்கன்னு எங்க தலையில எதுக்குப் போடறீங்க?”

“மாஸ்டருக்கு மூச்சு போச்சின்னு ஊருக்குத் தெரிஞ்சா எவன் கூப்புடுவான்?”

கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்தேன். “எழுந்து நில்லுங்க. மூச்ச இழுங்க.”

“ஐய, இன்னாம்மா பேஜாரு பண்ற...”

“இழுங்கன்னா இழுங்க.”

இழுத்தார். சாதாரணமாக முப்பத்தெட்டு. மூச்சை நிறுத்தினால் நாற்பது. போன வருஷம் நான் எழுதி வைத்த அளவும் அதுதான். ஒரு நூல்கூடக் குறையவில்லை. அதைச் சொன்னேன். அவர் டேப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். தை மாதம் என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன். “பாக்கலாம்” என்றார். அது பதிலா?

இதை வெளியில் சொல்லாதே என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எழுதியிருப்பேன். அவருக்கு மூச்சு போய்விட்டது என்று நாளை எவனாவது சொன்னால், டேப் போட்டு அளந்தவள் நான், என்னிடம் வந்து கேட்கட்டும்.

மாஸ்டர், உங்களுக்குத்தான் சொல்கிறேன். தை மாதம் என் மகள் ஊர்வலம் திண்டிவனத்து மேம்பாலத்துக்குக் கீழே வந்து நிற்கும். இரண்டு ஊர் ஜனமும் இருக்கும். அந்தப் பாட்டை எடுக்கும் முன்னால், கீபோர்டு வண்டியில் இருக்கும் மைக்கைக் கையில் எடுங்கள். மெஷினைக் கேட்டது ஜனமா, நீங்களா? சொல்லிவிட்டு அவன் இடத்தை விடுங்கள். சரணத்துக்குக் காற்று வராவிட்டால் சும்மா நில்லுங்கள், உங்கள் கிளாரினெட்டையும் சேர்த்து நாங்களே வாயால் ஊதிக்கொள்கிறோம். திண்டிவனத்தில் வாய்க்குப் பஞ்சமில்லை. விழுப்புரத்தார் வேண்டுமானால் விசில் அடிக்கட்டும்.

உங்கள் கோட்டை நாற்பதரை வைத்துத் தைத்திருக்கிறேன். பட்டன் இறுக்குது என்று சாக்குச் சொல்ல முடியாது. பதிலை மைக்கில் சொல்லுங்கள், மாஸ்டர். எல்லோர் காதிலும் விழ வேண்டும்.