நெனிதா சொன்ன ஒரு பரவாயில்லை

நெனிதா அக்காவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். பிலிப்பைன்ஸில், இலோய்லோ நகரத்தில், அவளுடைய அப்பாவுக்குக் கண் மங்கிய பிறகு அவருடைய பயணிகள் ஜீப்பை ஆறு வருடம் ஓட்டியவள் அவள். பின்னால் நாலு பேர் தொங்க, கூரைமேல் கோழிக்கூடை ஆட, ஒரு கையால் ஸ்டீயரிங்கைத் திருப்பிக்கொண்டு மறு கையால் ஹாரனை அடித்தபடி சந்தை நெரிசலுக்குள் புகுந்து வெளியே வருவாளாம். ஜப்பானுக்கு வந்த பதினாலு வருடத்தில் அவள் ஓட்டியதெல்லாம் சைக்கிள்தான்.

நாங்கள் இப்போது இருக்கிற கோய்தே என்ற இந்த ஜப்பானிய ஊர்க்காரர் ஒருவருக்கு மனைவியாக வந்தவள். எட்டு வருடத்தில் கல்யாணம் முறிந்தது. அவர் டோக்கியோ பக்கம் போய்விட்டார், இவள் இங்கேயே தங்கிவிட்டாள். முதியோர் பகல் பராமரிப்பு மையம் ஒன்றில் வேலை. நானும் அங்கேதான். ரோவேனா என்ற என் பெயரை எங்கள் நாட்டு வழக்கப்படி வெங் என்று சுருக்கி, தன் வீட்டில் எனக்கு ஓர் அறையும் ஒதுக்கிக் கொடுத்தாள்.

அக்டோபரில் ஒருநாள் எங்கள் நிர்வாகி குவாபாரா மேடம் எல்லாரையும் உட்காரவைத்துப் பேசினார். மையத்துக்கு வருகிற முதியவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள், மார்ச்சோடு மூடுகிறோம், ஏப்ரலிலிருந்து நாம்தான் அவர்கள் வீடு தேடிப் போகப்போகிறோம் என்றார். ஆளுக்கு ஒரு சின்னக் கார். ஒரு நாளைக்கு ஆறு வீடு.

"அப்போ லைசன்ஸ் இல்லாதவங்க?" என்று கேட்டாள் ஹோஷினோ. எங்களில் மூத்தவள், வாய் கொஞ்சம் நீளம். கேட்டது மேடத்தை, பார்த்தது நெனிதாவை.

"அதுக்குள்ள எடுத்துடுவாங்க. இல்லையா, நெனிதா சான்?" என்று மேடம் பெயரோடு இங்கத்து மரியாதைச் சொல்லையும் சேர்த்துக் கேட்டார்.

அக்கா தலையாட்டினாள். வீட்டுக்கு வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"லைசன்ஸ் இல்லேன்னா வேலை இல்ல. வேலை இல்லேன்னா ஜூன்ல விசா நீட்டிக்கப் போறப்ப என்னத்தடி காட்டுவேன்? இந்த மூஞ்சியையா?"

"உன்கிட்டதான் நம்ம ஊரு லைசன்ஸ் இருக்கே, அக்கா. அதை இங்க மாத்திக்கலாம்ல?"

இருந்தது. ஊருக்குப் போகும்போதெல்லாம் மறக்காமல் புதுப்பித்துக்கொண்டு வருவாள். ஆனால் அதுவும் அவளுடைய பிறந்தநாளான ஏப்ரல் ஒன்பதோடு காலாவதியாகிறது. அதற்குள் மாற்றாவிட்டால் இங்கே ஒன்றாம் வகுப்பிலிருந்து தொடங்கவேண்டும். எழுத்துத் தேர்வை அவள் ஒரே மூச்சில் முடித்துவிட்டாள். ஓட்டுத் தேர்வுக்குத்தான் நாள் கிடைக்கவில்லை. மாதத்துக்கு ஒரு தடவை கிடைத்தால் அதிர்ஷ்டம்.

முதல் தடவை டிசம்பரில் போனாள். எங்கள் ஊர் வண்டியில் இண்டிகேட்டர் இடது கைப்பக்கம், இங்கே வலது. தேர்வு மையத்தின் ஓட்டுகளத்தில் முதல் திருப்பத்திலேயே அவள் கை பழைய இடத்துக்குப் போயிற்று. துளி மழை இல்லாத கண்ணாடியில் வைப்பர் கிறீச் கிறீச்சென்று ஆட ஆரம்பித்தது. பதற்றத்தில் அதை நிறுத்தத் தெரியாமல், அடுத்த திருப்பத்தில் ஊர்ப் பழக்கப்படி வலது பக்கப் பாதைக்குள் நுழைந்துவிட்டாள். பக்கத்தில் இருந்த தேர்வாளர் தன் காலடியில் இருந்த பிரேக்கை அழுத்தினார். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டு நடுவறை ஓட்டுகளமாகிவிட்டது. நிஜ வண்டியில் பழக எங்களுக்குத் துணிச்சல் இல்லை. லைசன்ஸ் இல்லாமல் தெருவில் ஓட்டி ஒரு வெளிநாட்டுக்காரி பிடிபட்டால் விசாவோடு கதை முடிந்தது. அதனால் முன்னால் ஒரு நாற்காலி, பக்கத்தில் இன்னொன்று. குழம்புச் சட்டியின் மூடிதான் ஸ்டீயரிங். இங்கே முன்பே லைசன்ஸ் வாங்கிவிட்ட நான் தேர்வாளர்.

"கண்ணாடி பாத்தியா?"

"பாத்தேன்."

"நீ பாத்தது எனக்குத் தெரியலையே. கழுத்தைத் திருப்பிக் காட்டணும். அவங்க பாக்கறதெல்லாம் உன் கழுத்தைத்தான்."

"இப்படியே திருப்பினா நாளைக்குக் கட்டுதான் போடணும்டி."

ஒரு வாரத்தில் தபால் பெட்டியில் ஒரு தாள் கிடந்தது. மாலை வேளைகளில் நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்பதாகக் கீழ்வீட்டிலிருந்து தகவல், தயவுசெய்து கவனிக்கவும் என்று கட்டிட மேலாளர் மிக மரியாதையாக எழுதியிருந்தார். அக்கா அதை மூன்று தடவை படித்தாள். வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டால் வெளிநாட்டுக்காரிக்கு வேறு வீடு யார் கொடுப்பார்கள்? அன்று முதல் மெத்தையை விரித்து அதன்மேல் நாற்காலி போட்டோம். வலது, இடது, பின்னால் என்று கிசுகிசுத்தே ஓட்டினோம்.

ஜனவரிக் கடைசியில் இரண்டாவது தேர்வு. காலையில் ஓட்டுகளத்தை நடந்து பார்க்க விடுவார்கள். பனி உருக உப்புத் தூவிய பாதையில் நானும் அவளும் நடந்தபோது, பாகிஸ்தான்காரர் ஒருவர் கூடவே வந்தார். பெயர் இஃப்திகார். துறைமுகம் பக்கம் பழைய கார் வாங்கி விற்பவர். அவருக்கு அது ஆறாவது முயற்சி.

"தங்கச்சி, நான் இந்த நாட்டுல எண்ணூறு கார் வித்திருக்கேன். ஒண்ணைக்கூட என்னை ஓட்ட விடமாட்டேங்கிறாங்க."

"எதுல போச்சு உங்களுக்கு?" என்றாள் அக்கா.

"ஒருதரம் வேகம். ஒருதரம் ரொம்ப மெதுவாப் போனது. போன தடவை எல்லாம் சரியாப் பண்ணேன், ஆனா மனசில்லாமப் பாத்தேன்னுட்டாங்க. மனசை எங்கே போய்க் காட்டறது?"

அக்கா அன்று சிரித்தாள். ஆனால் அவளும் தேறவில்லை. பார்வை எல்லாம் அரை நொடி தாமதம் என்றார் தேர்வாளர்.

அக்கா அந்தப் 'பரவாயில்லை'யைச் சொன்னது மறுநாள் காலையில்தான். மையத்தில் பாத்திரம் கழுவும் தொட்டியருகே நின்றிருந்தோம். குவாபாரா மேடம் அவசரமாக உள்ளே வந்தார்.

"நெனிதா சான், நேத்து எப்படிப் போச்சு?"

"பரவாயில்லைங்க."

போனால் போகட்டும், எனக்கு ஒன்றும் இல்லை, அடுத்த தடவை பார்க்கிறேன் என்றுதான் அவள் சொல்ல வந்தாள். மேடம் காதில் விழுந்தது வேறு. "அப்பாடா!" என்று இரண்டு கையையும் சேர்த்துத் தட்டினார். அறைக்குப் போய், அக்கா தேறிவிட்டதாக எல்லாரிடமும் சொன்னார். எல்லாரும் கைதட்டினார்கள், சக்கர நாற்காலியில் இருந்த பெரியவர்களும் சேர்த்து. ஹோஷினோகூட, "அட, விடாப்பிடியா சாதிச்சுட்டியே!" என்று தோளில் தட்டினாள்.

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் நனைந்த கையோடு நின்று, வந்தவர்களுக்கெல்லாம் குனிந்து நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஏன் அக்கா, அங்கேயே சொல்லியிருக்கலாம்ல?" என்று வீட்டில் கேட்டேன்.

"வாயைத் திறந்தேன். அதுக்குள்ள கைதட்டிட்டாங்க." கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, "மார்ச் பதினெட்டுக்கு நாள் கிடைச்சிருக்கு. அன்னிக்கு வாங்கிட்டா பொய்யே இல்லைன்னு ஆயிடும்" என்றாள்.

நானும் வாயை மூடிக்கொண்டேன். அதில் எனக்கும் பங்கு உண்டு.

அதற்குப் பிந்தைய ஆறு வாரம் அவள் எப்படி இருந்தாள் என்று கூட இருந்த எனக்குத்தான் தெரியும். அலுவலகத்திலிருந்து லைசன்ஸ் நகல் கேட்டார்கள். வீட்டில் மறந்துவிட்டேன் என்றாள். மறுபடி கேட்டார்கள், பை மாறிவிட்டது என்றாள். மேடத்தின் செருப்புச் சத்தம் நடைபாதையில் கேட்டால் துணி மடிக்கும் அறைக்குள் போய்விடுவாள். சாப்பாடு இறங்கவில்லை. ஏப்ரல் அட்டவணை சுவரில் ஏறியபோது அவள் பெயருக்கு நேரே ஆறு வீடு இருந்தது. மலைப்பக்கத்து வீடுகள், ஏனென்றால் "நெனிதா சான் ஜீப் ஓட்டினவங்க" என்று மேடமே பெருமையாகச் சொல்லி ஒதுக்கியவை.

மார்ச் பன்னிரண்டு மதியம் புதுக் கார்கள் வந்தன. ஐந்து வெள்ளைக் கார்கள். எல்லாரும் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே ஓடினோம். ஓரத்தில் பனி இன்னும் இடுப்பளவு குவிந்திருந்தது. மேடம் ஒரு சாவியை எடுத்து அக்காவிடம் நீட்டினார்.

"முதல்ல நீங்க. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன். ஆத்துப் பாலம் வரைக்கும் ஒரு சுத்து போயிட்டு வருவோம்."

அக்கா சாவியை வாங்கினாள். ஏறி உட்கார்ந்தாள். பெல்ட்டைப் போட்டாள். கண்ணாடியைச் சரிசெய்தாள். கழுத்தைத் திருப்பி வலது, இடது, பின்னால் பார்த்தாள். ஓட்டிவிடுவாளோ? பாலத்துக்கு இந்தப் பக்கம்தான் போலீஸ் சாவடி. ஓடிப்போய் வண்டி முன்னால் நிற்கலாமா என்று யோசித்தேன்.

இன்ஜின் சத்தம் வரவில்லை. கதவு திறந்திருந்ததால் அவள் சொன்னது எல்லாருக்கும் கேட்டது.

"மேடம், என்கிட்ட லைசன்ஸ் இல்ல."

"வீட்டுல வெச்சுட்டீங்களா?"

"இல்ல. எங்கேயும் இல்ல. நான் தேறல. ரெண்டு தடவையும் தேறல."

மேடம் முன்கண்ணாடி வழியாகப் பனிக்குவியலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்குப் பரவாயில்லைன்னீங்களே."

"எனக்குப் பரவாயில்லைன்னு சொன்னேன். நீங்க சந்தோஷப்பட்டீங்க. அப்புறம் எனக்குச் சொல்ல வாய் வரல." பிறகு அவள் ஸ்டீயரிங்கில் நெற்றி படும்படி குனிந்தாள். குனிந்ததில் ஹாரன் அழுந்திப் பெரிதாக அலறியது. யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

மேடம் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அட்டவணையை முழுசா மாத்தணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். மறுநாள் அக்கா ஒரு பெட்டி இனிப்பு வாங்கிக்கொண்டு போய், கூட வேலை செய்கிற எல்லார் முன்னாலும் தனித்தனியாகக் குனிந்து மன்னிப்புக் கேட்டாள். ஹோஷினோ பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டே, "உன் ஆறு வீட்டுல ரெண்டு இப்போ என் தலையில. அந்த மலை ரோட்டுல எனக்கே பயம். தெரியுமா உனக்கு?" என்றாள். குரலில் கோபம் இருந்தது. அது நியாயமான கோபம்தான்.

மூன்று நாள் கழித்து மேடம் அவளைக் கூப்பிட்டார்.

"நானும் தப்பு. ஒழுங்கா உக்காரவெச்சுக் கேட்டிருக்கணும், போற போக்குல கேட்டேன். பதினெட்டாம் தேதி என்ன ஆனாலும் அன்னிக்கே எனக்கு ஃபோன் பண்ணுங்க. பாஸ், ஃபெயில், ரெண்டுல ஒரு வார்த்தை. வேற எதுவும் வேணாம்."

பதினெட்டாம் தேதி அவள் நன்றாக ஓட்டினாள். காத்திருப்பு அறையின் ஜன்னல் வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன். குறுகிய வளைவுகளில் சக்கரம் எங்கும் உரசவில்லை. கழுத்து எங்கிருந்து பார்த்தாலும் தெரிகிற அளவுக்குத் திரும்பியது. ஆனால் நிறுத்தக்கோட்டில் முன்சக்கரம் ஒரு சாண் தாண்டி நின்றது. ஒரே ஒரு சாண்.

தேறியவர்களைக் காட்டும் பலகையில் இஃப்திகாரின் எண் மட்டும் எரிந்தது. அந்தப் பெரிய மனுஷர் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அழுது முடித்துவிட்டு அக்காவிடம் வந்து, என்ன சொல்வதென்று தெரியாமல், தன்னிடம் இருந்த சூடான காப்பி டப்பாவை அவள் கையில் வைத்துவிட்டுப் போனார்.

அக்கா அங்கேயே நின்று ஃபோன் போட்டாள்.

"ஃபெயில்."

அன்று ரயிலில் அவள் என் தோளில் சாய்ந்து இரண்டு மணி நேரமும் தூங்கினாள். ஆறு வாரத்தில் அவள் அப்படித் தூங்கி நான் பார்க்கவில்லை.

ஏப்ரல் ஒன்பது வந்தது, அவளுடைய பழைய உரிமம் செத்தது. மேடம் அவளைக் குளியல் வண்டிக்கு மாற்றியிருந்தார். படுத்த படுக்கையாக இருப்பவர்களின் வீட்டுக்குத் தொட்டியையே தூக்கிக்கொண்டு போகிற வண்டி. மூன்று பேர் குழு, ஓட்ட ஒருவர் தனியாக உண்டு. இடுப்பு ஒடிகிற வேலை, அதனால் ஆள் எப்போதும் குறைவு. ஜூன் மாதம் விசா நீட்டிக்கக் கொடுத்தாள். கடிதம் வரும்வரை ஐந்து வாரம் தபால்காரர் வண்டிச் சத்தத்துக்கெல்லாம் எழுந்து எழுந்து போனாள். மூன்று வருடம் கேட்டதற்கு ஒரு வருடம் கிடைத்தது. அடுத்த ஜூனில் மறுபடி இதே பாடு. கோடையில் ஓட்டுநர் பள்ளியில் சேர்ந்து, பக்கத்தில் பதினெட்டு வயதுப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்க, அ ஆவிலிருந்து தொடங்கினாள்.

செப்டம்பர்க் கடைசியில் ஒரு காலை, என்னுடைய மூன்றாவது வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். வயலில் பாதி அறுவடை முடிந்திருந்தது. மலைச்சாலையில் வண்டிகள் வரிசையாக ஊர்ந்தன. எனக்கு முன்னால் ஏழு கார், ஒரு நெல் லாரி. தாமதமாகிறதே என்று எட்டிப் பார்த்தேன். வரிசையின் தலையில், கூரைமேல் ஓட்டுநர் பள்ளியின் பெயர்ப்பலகை வைத்த கார் ஒன்று மணிக்கு இருபத்தெட்டு கிலோமீட்டரில் போய்க்கொண்டிருந்தது. வளைவு வந்தபோது ஓட்டுகிறவரின் தலை கடிகாரம்போல வலது, இடது, பின்னால் என்று திரும்பியது. அக்காதான்.

அந்தச் சாலையில் யாரும் ஹாரன் அடிக்கவில்லை. பாலம் தாண்டியபின் நேர்ச்சாலையில் ஒவ்வொருவராக முந்திக்கொண்டு போனார்கள். நெல் லாரியும் போயிற்று. நான் மட்டும் பின்னாலேயே போனேன். வீட்டில் காத்திருந்த பெரியவரின் மகளுக்கு வண்டி ஸ்பீக்கரிலேயே ஃபோன் செய்து, பத்து நிமிடம் தாமதமாகும் என்று சொல்லிவிட்டேன்.