உப்புத் தண்ணீர் குடித்த பந்து

மகள் நனைந்த டென்னிஸ் பந்தைச் சுவரில் எறிந்தாள். தொப்பென்ற அந்தச் சத்தத்தில், தலைக்கு டை அடிக்கும் இந்த வயதிலும் என் கைகள் இல்லாத பேட்டை இறுகப் பிடித்தன.

2005, மரக்காணம். உப்பளத்தை ஒட்டிய காய்ந்த தரைதான் எங்கள் மைதானம். மற்றவர்கள் தென்னை மட்டையைச் செதுக்கி ஆடினார்கள். என்னிடம் மட்டும், லீவில் வந்த அத்தா சவுதியிலிருந்து கொண்டுவந்த பளபளப்பான பேட் இருந்தது. ஆடத் தெரியாத நான் முதலில் இறங்கியதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

அன்று பந்து உப்புப் பாத்தியில் விழுந்து, தண்ணீர் குடித்துக் கனத்துவிட்டது.

"டேய், பந்து செம வெயிட்டா இருக்குது. தென்னை மட்டைய எடுத்துக்கடா, அது நாரு, தாங்கும்" என்றான் பந்து வீசும் சேகர்.

"வெயிட்டா இருந்தா மெதுவாத்தான் வரும். போடுடா!"

மெதுவாகத்தான் வந்தது. நிறையைத் திசைவேகத்தால் பெருக்கினால் உந்தம் என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கியவனின் பேட் இரண்டாக உடைந்தது.

"நீ நாட் அவுட்டுடா. பேட்டுதான் அவுட்டு" என்றான் சேகர்.

இரண்டு துண்டுகளையும் அத்தாவிடம் நீட்டினேன். அவர் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"சவுதில வாங்கினத, வெயிட் ஜாஸ்தின்னு ஏர்போர்ட்லயே விட்டுட்டேன்பா. இது திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுல வாங்கினது. அம்மாகிட்ட சொல்லிடாத."

இன்றுவரை சொல்லவில்லை.

"மெதுவாத்தான் போடறேன் அத்தா" என்று மகள் மறுபடி கையை ஓங்கினாள். துபாயில் வாங்கியதாக மனைவியிடம் நான் சொல்லிவைத்திருக்கும் பூச்சாடியைத் தூக்கி உள்ளே வைத்தேன்.