குங்குமம் வைத்த பிலிம் ரோல்

பிலிம் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர்களுக்குப் படம் எடுப்பது ஒரு சிரமமே இல்லை; எடுத்து முடித்ததும் எல்லாரும் ஓடிவந்து கேமராவின் முதுகைப் பார்ப்பார்களே, அதுதான் சிரமம். நீங்களும் என் இனம் என்றால் அந்த முகங்கள் உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

நான் படித்தது எட்டாவது வரைக்கும். கேமரா என் மகள் கோமதியுடையது. சென்னையில் வேலை பார்க்கிறாள். பிலிமை வீட்டிலேயே கழுவிப் பிரிண்ட் போடுவாள். வேறு கேமரா வாங்கியதும் பழையதை எனக்குத் தந்து சொல்லியும் கொடுத்தாள். எங்கள் தெருப் பெண்கள் வேன் பிடித்துக் கோயில் கோயிலாகப் போவோம். அந்தக் கூட்டத்துக்குப் படம் எடுக்கிறவள் நான்.

பையன்கள் இரண்டு பேர், இருவரும் உள்ளூரில்தான். செந்தில், இளையவன், புது வீட்டுக்குப் பால் காய்ச்சினான். பத்திரிகையில் மூத்தவன் குமாருடைய மாமனார் பெயர் விட்டுப்போயிற்று. அன்றைக்கு நின்ற பேச்சுதான். குமார் போனில் குடும்ப குரூப்பை விட்டே வெளியேறிவிட்டான். இரண்டு பேரும் சேர்ந்து நிற்கிற ஒரு படம், தாளில், சுவரில் மாட்டுகிற மாதிரி வேண்டும். போகிற கோயிலிலெல்லாம் நான் கேட்டது அது ஒன்றுதான். சுவரில் மாட்டிவிட்டால் அதிலிருந்து எவனும் வெளியேற முடியாது பாருங்கள்.

கோபுரம் தெரியணும்ல

எந்த ரோல் போட்டாலும் முதல் படம் நம் ஊர்க் கோயில் கோபுரம். வழியனுப்ப வந்தவரை அதன் முன்னால் நிறுத்தி எடுப்பேன். திருச்செந்தூருக்குக் கிளம்பிய அன்று குமார் வந்தான். தம்பி வரமாட்டான் என்று என்னிடம் உறுதி வாங்கிக்கொண்டுதான் வந்தான்.

"கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி நில்லுய்யா" என்றேன். நின்றான். "இன்னும் கொஞ்சம்." அவனுக்குப் பக்கத்தில் இன்னொரு ஆள் நிற்கிற இடம் காலியாகக் கிடந்தது. எதற்கென்று கேட்டான். கோபுரம் தெரியணும்ல என்றேன். அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான்.

"எம்மா, கோபுரம் மேல இருக்கு. பக்கத்துல யாருக்கு இம்புட்டு இடம் விடுத?"

சண்முகத்தாய் அக்காவின் கண்

திருச்செந்தூர் கடற்கரை. எங்கள் கூட்டத்தில் ராயகிரிக்காரி சண்முகத்தாய் அக்காதான் அலங்காரத்தில் முதல். முகத்தைத் துடைத்து, கனகாம்பரத்தை முன்னால் இழுத்து விட்டு, அலை வந்து கால் நனைகிற வரைக்கும் காத்திருந்து நின்றாள். எடுத்தேன். வந்து கேமராவை வாங்கித் திருப்பினாள். வெறும் கறுப்பு மூடி. முந்தானையால் துடைத்துப் பார்த்தாள். அப்போதும் கறுப்பு மூடிதான்.

கோமதி கழுவி அனுப்பினால்தான் தெரியும், ஒரு மாசமாவது ஆகும் என்று தன்மையாகத்தான் சொன்னேன்.

"ஏளா, படத்துல நான் கண்ண மூடியிருக்கேன்னு ஒரு மாசம் கழிச்சுச் சொன்னா, அப்ப வந்து முழிக்கவா முடியும்?"

காவலாளியின் மனசாட்சி

திரும்புகிற வழியில் ஒரு கோயில். போன்களையெல்லாம் வாசலில் கொடுத்துவிட்டோம். கேமரா என் பையில் இருந்த நினைப்பே எனக்கு இல்லை. வெளியே வரும்போது காவலாளித் தம்பி பார்த்துவிட்டார். உள்ளே எடுத்த படத்தை அழிக்கச் சொன்னார். எடுக்கவில்லை என்றேன். அப்படியானால் காட்டுங்கள் என்றார். காட்ட வழியில்லை, திறந்தால் வெளிச்சம் பட்டு எல்லாம் போய்விடும் என்றேன். கேமராவை வாங்கிக்கொண்டவர் கை மூடிப் பக்கம் போயிற்று. கோபுரத்தடியில் நின்ற குமார் அதற்குள்தானே இருக்கிறான்!

நல்லவேளை, எங்கள் வேன் டிரைவர் ரசாக் பாய் வந்தார். கடையநல்லூர்க்காரர், பேசியே வழி உண்டாக்குகிறவர். "சார், போன வருஷம் இந்தக்கா எடுத்த என் படமே இன்னும் வந்து சேரல. நீங்க என்னத்தப் பாக்கப் போறிய?" என்றார். தம்பி யோசித்தார். கேமராவை என் கையில் கொடுத்தார்.

"சரி, போங்கம்மா. சாமி படம் எதும் வந்திச்சுன்னா நீங்களே மனசாட்சிப்படி கிழிச்சிருங்க."

மதினி வைத்த பொட்டு

எடுத்து முடித்த பிலிமைத் திருப்பிச் சுற்றும்போது நுனியை நாக்கு மாதிரி வெளியே விடச் சொல்லியிருந்தாள் கோமதி. கழுவ அதுதான் வசதியாம். புது ரோலுக்கும் நாக்கு வெளியேதான் இருக்கும். அதனால் முடிந்த ரோலுக்கு மட்டும் ஒரு குங்குமப் பொட்டு வைத்து பிஸ்கட் டப்பாவில் போடுவேன். மஞ்சள் குங்குமம் புழங்குகிற வீட்டில் இதைவிட நல்ல அடையாளம் ஏது?

அடுத்தது பழனி. கிளம்புகிற அன்று நான் நம் ஊர்ச் சன்னதிக்குப் போய்விட்டு வருவதற்குள் என் அண்ணன் மனைவி பாப்பா மதினி வேன் பூஜையை முடித்திருந்தாள். ஸ்டீயரிங்குக்குப் பொட்டு, கேஸ் அடுப்புக்குப் பொட்டு, தண்ணீர்க் கேனுக்குப் பொட்டு. டப்பாவைத் திறந்தேன். அதில் இருந்த இரண்டு ரோலுக்கும் பளிச்சென்று பொட்டு. எது குமார் இருக்கிற ரோல், எது புதுசு? நம் ஊரில் இன்னொரு ரோல் வாங்கவும் முடியாது. ரசாக் பாய் ஹாரன் அடிக்கிறார். நான் கூப்பிட்டேனே என்று செந்திலும் பைக்கில் வந்து இறங்கிவிட்டான். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? நான் நம் ஊர்க் கோமதி அம்மனை நினைத்துக்கொண்டு ஒன்றை எடுத்து மாட்டினேன்.

ஏன் மதினி இப்படிச் செய்தீர்கள் என்று மட்டும் கேட்டேன்.

"ஏட்டி, ஒண்ணுக்குப் பொட்டு வச்சிருக்கு, ஒண்ணு மூளியா கெடக்கு. விட்டுப்போனதுக்கு மனசு சங்கடப்படாதா?"

வெயில் பக்கம்

செந்திலைக் கோபுரத்துக்கு முன்னால் நிறுத்தினேன். குமார் நின்றதற்கு மறுபக்கம். அங்கே வெயில் நேராக முகத்தில் அடித்தது. நிழல் கிடந்த இடத்துக்கு அவன் நகர நகர, நான் இங்கனயே நில்லுய்யா, இங்கனயே நில்லுய்யா என்றேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றான்.

"எம்மா, யாருமே இல்லாத இடம் அது. அங்கன கூட நான் நிக்கக் கூடாதா?"

இரண்டு இரண்டாக

பழனியிலிருந்து வந்ததும் இரண்டு ரோலையும் கூரியரில் அனுப்பினேன். கோமதி போன் பண்ணினாள். "எம்மா, ஒரு ரோல்ல ஒண்ணுமே இல்ல. இன்னொண்ணுல எல்லாமே ரெண்டு ரெண்டா இருக்கு." முடிந்த ரோலையே மறுபடி மாட்டியிருக்கிறேன். திருச்செந்தூர் மேலேயே பழனியையும் எடுத்திருக்கிறேன். குமாரும் போனான், செந்திலும் போனான் என்று அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

படங்கள் வந்தன. சண்முகத்தாய் அக்காவின் இடுப்பிலிருந்து பழனிப் படிகள் ஏறிப் போகின்றன. கண் திறந்துதான் இருக்கிறது, சொல்லிவிட்டேன். ரசாக் பாய் தலைமேல் மயில். முதல் படத்தைக் கடைசியில்தான் எடுத்துப் பார்த்தேன். கோபுரம் லேசாக விலகி இரண்டாக இருந்தது. அதற்குக் கீழே ஒரு பக்கம் குமார், மறுபக்கம் செந்தில், தோளோடு தோள். இரண்டு பேர் நெஞ்சுக்குள்ளும் கோபுரத்துப் பொம்மைகள் தெரிந்தன. நம் ஊர் சாமி ஒரே உடம்பில் இரண்டு பேராக நிற்கிறவர். அவருக்கு இது பெரிய வேலையா?

கூடத்தில் மாட்டினேன். குமார் வந்தான். பார்த்தான். காப்பியைக் குடித்தான். எப்படி என்று கேட்டான்; நடந்ததைச் சொன்னேன். டம்ளரை வைத்துவிட்டுக் கிளம்பினான். போகும்போது வாசலில் நின்று இன்னொரு தடவை பார்த்ததை நான் அடுப்படியிலிருந்து பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை செந்தில் வந்தான். படத்துக்கு வெகு பக்கத்தில் போய் நின்றான். பால் காய்ச்சிய நாளிலிருந்து அவன் வாயில் வராத ஒரு வார்த்தை அப்போதுதான் வந்தது.

"எம்மா, அண்ணன் ஏன் இப்படி மெலிஞ்சிட்டான்? சுகர் கிகர் பாத்தானா? அவன் நம்பர் பழசுதானே?"

முடிந்த ரோலுக்கு இப்போதும் பொட்டு வைத்துத்தான் போடுகிறேன். பாப்பா மதினி குங்குமச் சிமிழோடு டப்பா பக்கம் போனால் மட்டும், பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிடுகிறேன்.