காலை ஷிப்டும் கர்த்தருடைய பந்தியும்

1. பட்டியல்

சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தின் பக்கத்தில் தகரக் கொட்டகைக் கோயில் ஒன்றில் நான் உபதேசியாராக இருந்தேன். போதகர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்து கொடுப்பார்; அதைத்தான் பந்தி என்போம். அதில் பங்குபெற விரும்புகிறவர்கள் சனிக்கிழமை என்னிடம் பெயர் கொடுக்க வேண்டும். யார் தகுதி, யார் தகுதியில்லை என்று பார்த்துப் பட்டியலில் பெயரை அடிக்கிற வேலை என்னுடையது. அந்த வேலையை நான் கொஞ்சம் ஆசையாகவே செய்தேன் என்பதை ஒளிக்க விரும்பவில்லை.

குடிகாரர் இருவரை அடித்தேன். ஞானமுத்துவையும் அடித்தேன். அவர் குடிப்பதில்லை. சுரங்கத்தில் பம்ப் வேலை. ஞாயிற்றுக்கிழமை பம்ப் நின்றால் கீழ் லெவலில் தண்ணீர் ஏறிவிடும். அதனால் காலை ஆறு மணிக்கு இறங்கி மதியம் இரண்டுக்குத்தான் ஏறுவார். ஓய்வுநாளை மீறுகிறவர் என்று ஒரு வருஷமாக அடித்துக்கொண்டே வந்தேன்.

ஞாயிறு காலை பந்தி மேசைக்குத் துணி விரித்துக்கொண்டிருந்தபோது அவர் மனைவி ராகேல் வந்தாள். ஞானமுத்து அதற்குள் ஷிப்டுக்கு இறங்கியிருந்தார்.

“இன்னா உபதேசியாரே, இந்த வாட்டியும் அவரு பேரை அடிச்சிட்டீங்களாமே?”

“தகுதியில்லாம பந்தியில கை வெச்சா ஆக்கினைத்தீர்ப்புன்னு பவுல் எழுதியிருக்காரும்மா.”

“போன மாசம் கல்லு வுழுந்து ரெண்டு பேரு போயிட்டாங்க. இவரும் பந்தி எடுக்காமலே போயிட்டா நீங்களா பதில் சொல்லுவீங்க? அதுக்கு மேல கீழ இன்னா எழுதியிருக்கு, படிங்க, கேக்கறேன்.”

அவளுக்கு எழுத்துத் தெரியாது. வாயை அடைக்கலாம் என்று படித்தேன். முதலில் வந்தவர்கள் எல்லாவற்றையும் தின்றுவிட்டார்கள், இல்லாதவர்கள் பசியோடு நின்றார்கள் என்று தான் கடிதம் எழுதிய சபையைப் பவுல் கண்டிக்கிற இடம் அது. ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்று முடிக்கிறார்.

“முன்னாடி தின்னவங்களைத்தானே கோச்சிக்கிறாரு? லேட்டா வந்தவனை ஒண்ணும் சொல்லலியே!” என்றாள் ராகேல்.

நான் புத்தகத்தை இன்னொரு முறை பார்த்தேன். அவள் சொன்னதுதான் இருந்தது. கிருபையைப் பற்றி மாதம் ஒரு பிரசங்கம் செய்கிற எனக்கு மிகவும் வெட்கமாக இருந்தது.

2. அடுத்த கேஜ்

போதகர் வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ரெண்டு மணி வரைக்குமா?”

“ஆமாங்க ஐயா.”

“சரி, காத்திருப்போம். ஜட்கா வண்டிக்காரன்கிட்ட லேட்டாகும்னு சொல்லிடுங்க.”

பன்னிரண்டு மணிக்கு ஆராதனை முடிந்தது. யாரும் எழுந்திருக்கக் கூடாது என்று அறிவித்தேன். முன்வரிசையில் கோயில் மூப்பரான சுரங்க ஆபீஸ் ரைட்டர் கடிகாரத்தை எடுத்து எடுத்துப் பார்த்தார்.

“வவுறு காயுது உபதேசியாரே. ஒரு பம்புக்காரனுக்காக இத்தினி பேரா?”

“பவுல் சொல்லியிருக்காருங்க” என்றேன். காலையில் அதே பவுலைத்தான் ராகேலுக்கு எதிராகச் சாட்சிக்கு அழைத்திருந்தேன்.

இரண்டு மணிக்குச் சங்கு ஊதியது. சிறிது நேரத்தில் ஞானமுத்து வாசலில் நின்றார். ராகேல் சுரங்கத்தின் ஷாப்ட் வாசலுக்கே போய்க் கையோடு கூட்டிவந்திருந்தாள். உடம்பெல்லாம் சேறு, தொப்பியில் மெழுகுவர்த்தி ஒழுகிய கறை. எதற்கு அழைத்தார்கள் என்றுகூட அவருக்குத் தெரியவில்லை.

“உள்ளே வாங்க ஞானமுத்து. உங்களுக்காகத்தான் காத்திருக்கோம். பந்தி எடுங்க” என்றேன்.

அவர் கண் கலங்கியது. ஆனால் காலை எடுத்து வைக்கவில்லை. திரும்பி, ஆட்களை மேலே ஏற்றிவரும் கேஜ் கூண்டு இருக்கிற ஷாப்ட் பக்கம் பார்த்தார்.

“அடுத்த கேஜ்ல நம்ம ஆளுங்க இன்னும் நாலு பேரு வர்றாங்க. அவங்களும் வந்துரட்டுங்க, ஐயா.”

ரைட்டர் கடிகாரத்தை மடித்துப் பைக்குள் வைத்தார்.

இனி உபதேசியாராக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு வசனத்தை எடுத்தால் அதன் மேலும் கீழும் படியுங்கள். காத்திருங்கள் என்று முடிகிற அந்தப் பகுதியை ஞானமுத்து அன்றுவரை கேட்டதே இல்லை. எனக்கு அது இருபது வருஷமாக மனப்பாடம்.