காயும் நேரத்துக்குக் கூலி

மழைக்காலத்தில் கல்யாண மண்டபத்தைக் கழுவிவிட்டால் தரை காய அரை நாள் ஆகும். அதுவரை நாற்காலிகளைப் போட முடியாது. போட்டால் இரும்புக் காலின் துரு வட்டம் வட்டமாகப் பிடித்துக்கொள்ளும். அதனால் துடைத்து முடித்தவர்கள் பின்வாசல் படியில் உட்கார்ந்திருப்பார்கள். அப்படி உட்கார்ந்திருப்பது வேலையா, ஓய்வா? 2008 வாக்கில் எங்களுக்குள் வந்த வழக்கு அதுதான்.

கடலூரிலும் சிதம்பரத்திலும் மண்டபங்களைச் சுத்தம் செய்யும் காண்ட்ராக்ட், மனைவி வழியில் எனக்கு மாமாவான ஒருவரிடம் இருந்தது. கடலூரை அவர் வைத்துக்கொண்டு சிதம்பரத்தை எனக்கு சப்-காண்ட்ராக்ட் விட்டார். மண்டபத்துக்கு இவ்வளவு என்று தருவார். நாலு பெண்களுக்குக் கூலி, பினாயில், ஆசிட் போக மிச்சம் என்னுடையது. அந்த மிச்சத்தைப் போட்டுக்கொண்டால் சட்டைப் பைக்கே தெரியாது. கூலி மணிக்கணக்கு. கையில் துடைப்பமோ மாப்போ இருக்கிற மணிதான் கணக்கு என்பது மாமாவின் சட்டம்.

நான் முதலாளி என்று பேர். படியில் உட்கார்ந்ததும் எதிர்க் கடைக்கு ஓடி டீ வாங்கி வருவது என் வேலை. முந்தின நாள் கல்யாணத்தைக் குப்பையிலிருந்தே அந்த நாலு பேரும் பிரித்து மேய்வார்கள்.

"பாயசம் அப்டியே இலையில கெடக்குது. மாப்ள வூட்டுக்காரங்க கோச்சிக்கினு எழுந்து போயிருக்காங்கடி."

அது அலுத்தால் என் பக்கம் திரும்புவார்கள். "நம்ம மொதலாளி கரப்பாம்பூச்சியப் பாத்தா பெஞ்சு மேல ஏறிக்கிது." உண்மைதான். இறங்குவதற்கும் ஆள் பிடிக்க வேண்டியிருந்தது.

ஒரு ஐப்பசி மழையில், நால்வரில் மூத்த அக்கா டீயைக் கீழே வைத்தார்.

"தம்பி, இங்க நாங்க ஒக்காந்திருக்கறது எங்க வூட்டுக்காவ இல்ல, மண்டபத்துக்காவ. இந்த நேரத்துக்கும் கூலி போடு. இல்லன்னா தையிலேர்ந்து நாலு பேரும் ஆசுபத்திரி வேலைக்கிப் போயிடுவோம்."

அவர்கள் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க நானும் முயன்று பார்த்தேன். கிடைக்கவில்லை. மறுநாள் கடலூர் பஸ் ஏறினேன்.

புதுச்சத்திரம் வரை மனசுக்குள் கர்ஜித்துக்கொண்டே போனேன். ஆலப்பாக்கம் தாண்டியபோது 'பாதி நேரத்துக்காவது கொடுங்க மாமா' என்று ஆகியிருந்தது. கடலூரில் இறங்கியபோது அவர் சௌக்கியத்தை மட்டும் விசாரித்துவிட்டுத் திரும்பினால் என்ன என்று தோன்றியது. செம்மண்டலத்தில் அவர் ஆபீஸ் மாடிப்படி ஏறியதும் முதலில் பாத்ரூமைத்தான் கேட்டேன். சுத்தமாக இல்லை. அதைச் சொல்லவும் தைரியம் வரவில்லை.

"இன்னா மாப்ள, மூஞ்சி வெளுத்திருக்கு?"

"காயற நேரத்துக்கும் கூலி கேக்கறாங்க மாமா. இல்லன்னா போயிடுவாங்க."

"சும்மா ஒக்காந்திருக்கறதுக்கு எவனாவது காசு குடுப்பானா?"

"நீங்களும் ஒக்காந்துதான மாமா இருக்கீங்க?"

வீரத்தில் சொன்னதல்ல. பயந்தால் என் வாய் என்னிடம் அனுமதி கேட்பதில்லை. மாமா ஃபேனை அண்ணாந்து பார்த்தார். எனக்கு ஃபேனே தலையில் விழப்போகிற மாதிரி இருந்தது.

"சரி, குடுக்கறேன். ஆனா மண்டபத்துக்காரன் ஒரு பைசா ஏத்த மாட்டான். நடுவுல நீ எடுக்கற பங்குலேர்ந்துதான் குடுக்கணும். அவுங்கள நானே நேரா வேலைக்கி எடுத்துக்கறேன். இன்னா சொல்ற?"

'உங்க பங்கும் இருக்கே மாமா' என்று கேட்டிருக்கலாம். அது திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் தோன்றியது. அங்கே என் வாயிலிருந்து வந்தது, "சரி மாமா."

சிதம்பரம் வந்து படியில் வைத்துச் சொன்னேன். "நெசமாவா?" என்று மூன்று பேர் ஒரே குரலில் கேட்டார்கள். அக்கா மட்டும், "அப்ப நீ?" என்றார்.

"ஆசுபத்திரியில எனக்கு எடம் இருக்குதான்னு கேட்டுச் சொல்லுக்கா."

மற்றவர்கள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. எழுந்துபோய், அன்றைக்கு மட்டும், அவரே டீ வாங்கி வந்தார்.

தை பிறந்ததும் காயும் நேரத்துக்குக் கூலி வந்தது. ஆசுபத்திரிக்கு யாரும் போகவில்லை. நான் குறிஞ்சிப்பாடியில் பந்தல் சாமான் வாடகைக்கு விட ஆரம்பித்தேன். வருமானம் முன்னைக்கு இப்போது ஜாஸ்தி. மனைவி அதை அடிக்கடி சொல்கிறாள். நானும் தலையாட்டுவேன். ஆனால் மழை பிடித்துக்கொண்டால் கடையில் உட்கார முடியாது. சிதம்பரத்தில் இந்நேரம் எந்த மண்டபம், யார் வீட்டுக் கல்யாணத்தைப் பிரித்துக்கொண்டிருப்பார்கள், இப்போது யாரைக் கிண்டல் செய்வார்கள் என்று மனசு போய்விடும்.

இரண்டு மூன்று வருஷம் கழித்து, ஒரு கார்த்திகையில் சாமான் இறக்க சிதம்பரத்தில் அந்தப் பழைய மண்டபத்துக்கே போனேன். பின்வாசலில் நாலு பேரும் இருந்தார்கள்.

"டேய் தம்பி! பாத்து வா, கரப்பாம்பூச்சி இருக்குது!"

நகர்ந்து இடம் விட்டார்கள். உட்கார்ந்தேன். ஒருத்தி தன் டீயில் பாதியை ஊற்றிக் கொடுத்தாள். பெண் வீட்டார் மண்டபத்திலேயே சண்டை போட்ட கதையை அக்கா ஆரம்பித்தார். யார் முதலில் கை ஓங்கியது என்கிற இடம் வந்தபோது, வாசலில் வேன்காரர் ஹாரன் அடித்தார். வேனுக்கு மணிக்கணக்கு வாடகை. அது நின்றாலும் நான்தான் கொடுக்க வேண்டும். மீதிக் கதையைக் கேட்காமலே எழுந்தேன்.