நான் பார்க்காதபோது தடுமாறிய இயந்திரம்

இரண்டாயிரமாவது ஆண்டைத் தாண்டிய புதிதில், பொத்தேரி விடுதி மாணவர்களின் கணினிகளைப் பழுது பார்த்தே லினக்ஸ் என்ற இயங்குதளத்தைக் கற்றுக்கொண்டவன் நான். யாரும் சொல்லித் தரவில்லை. கெடுத்துக் கெடுத்துத்தான் கற்றேன். அந்தத் தைரியத்தில்தான் மாமல்லபுரத்தில் சிற்பப் பட்டறையில் வேலை பார்த்த நண்பனுக்கு, கல்லில் எழுத்து வெட்டும் இயந்திரத்தை ஒரு பழைய கணினியோடு இணைத்துக் கொடுத்தேன்.

ஒரு நாள் காலையில் போன் வந்தது.

"மச்சான், மிஷினு கல்ல நாஸ்தி பண்ணிகினு கீது. உடனே வா."

பள்ளிக்கூடத் திறப்பு விழாக் கல்வெட்டு இரண்டு முறை வீணாகியிருந்தது. நேராக வந்த எழுத்து ஓரிடத்தில் சற்றே விலகுகிறது. அதற்குப் பின் வருவதெல்லாம் விலகியே வருகிறது. பட்டறை அவன் அண்ணனுடையது. சிலை அடிப்பவர். அவரை நச்சரித்து இயந்திரம் வாங்க வைத்தவன் நண்பன். அடுத்த கல்லும் கெட்டால் இயந்திரத்தைத் திருப்பி அனுப்பிவிடுவேன் என்று அண்ணன் சொல்லிவிட்டார்.

திருகுகளை முடுக்கினேன், ஒயர்களை மாற்றினேன். உடைந்த கல் ஒன்றில் ஓடவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து மவுசை நகர்த்திக்கொண்டு பார்த்தேன். எழுத்துகள் அச்சுப்போல வந்தன. டீ குடித்துவிட்டுத் திரும்பினால் பாதியில் விலகியிருந்தது.

அண்ணன் சிரித்தார். "டாக்டரு எதிர்ல வந்தா காய்ச்சல் வுட்டுடுது. நீ இங்கியே பாய் போட்டுக்க."

கணினியில் பல வேலைகள் ஒரே சமயத்தில் நடப்பதுபோலத் தோன்றும். உண்மையில் ஒவ்வொன்றும் தன் முறைக்குக் காத்திருக்கும். யாருக்கு எப்போது முறை என்பதை இயங்குதளம் முடிவு செய்யும். வெட்டும் முனையை நகர்த்தும் மோட்டாருக்குக் கணினி அனுப்பும் மின்துடிப்புக்கு மட்டும் முறை தவறவே கூடாது. தாமதமானால் மோட்டார் ஓர் எட்டைத் தவறவிடும். தவறவிட்டது கணினிக்குத் தெரியாது. எல்லாம் சரி என்று நம்பி மேலே போய்க்கொண்டிருக்கும்.

நேர்ந்ததிலேயே பெரிய தாமதம் எவ்வளவு என்று காட்டும் சிறிய நிரல் ஒன்று உண்டு. அதை ஓடவிட்டு, கணினிக்கு வேலை கூட்டக் கோப்புகளை நகலெடுத்தேன், பாட்டுப் போட்டேன். எண் அசையவில்லை. அண்ணன் சொன்ன காய்ச்சல் நினைவுக்கு வந்தது. நான் இருக்கும்போது மட்டும் என்ன வித்தியாசம்? என் கை மவுசில் இருக்கிறது, அவ்வளவுதானே?

இயந்திரத்தை மறுபடி ஓடவிட்டு, கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். எல்லாரையும் சும்மா இருக்கச் சொன்னேன்.

"இன்னா மச்சான், மிஷினுக்குத் தியானம் கத்துக் குடுக்கிறியா?" என்றான் நண்பன்.

சிறிது நேரத்தில் திரை இருண்டது. அந்த இருட்டில் ஒரு குத்துவிளக்கு மெல்ல எழுந்தது. ஐந்து முகத்திலும் சுடர் அசைந்தாடியது. அதே நொடியில் மோட்டாரின் ரீங்காரம் விக்கியது. ஒரு விசையைத் தட்டி நிரலைப் பார்த்தேன். எண் எங்கேயோ ஏறிப் போயிருந்தது.

"அது நான் வெச்ச வௌக்கு தம்பி," என்றார் அண்ணி, வாசலில் நின்றபடி. "வௌக்கு எரியாம இங்க உளி கல்லத் தொடாது. கடக்காத்துக்கும் கல்லுத் தூசிக்கும் ஏத்துற வௌக்கு நிக்கல. அதான் கம்ப்யூட்டர் சென்டர் பையன வுட்டுப் போட்டு வாங்கினேன். காத்துல அணையாது பாரு."

யாரும் தொடாமல் விட்டால் திரையில் தானாக வரும் ஸ்கிரீன்சேவர் அது. ஆடும் சுடரை வரைவது அந்தப் பழைய கணினிக்குப் பெரும்பாடு. ஒவ்வொரு அசைவுக்கும் அது கணினியையே ஒரு கணம் பிடித்து வைத்துக்கொள்ள, மோட்டாரின் துடிப்பு பின்னால் காத்து நின்றிருக்கிறது. இது எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் விளக்கை எடுத்துவிடுங்கள் என்று அந்த அம்மாளிடம் எப்படிச் சொல்வது? தட்டுத் தடுமாறி, "சுடர் ஆடறதுதான் அண்ணி பிரச்சினை" என்றேன்.

"அவ்ளோதானா? ஆடாம எரியட்டுமே. இங்க கீற சாமியெல்லாம் ஆடிகினா நிக்குது?"

அசையாத விளக்குப் படமாக மாற்றினேன். அண்ணி பார்த்துத் தலையசைத்ததும், பள்ளிக்கூடத்துக்கென்று மீந்திருந்த கடைசிக் கல்லைத் தூக்கி வைத்து ஓடவிட்டோம்.

"வாங்க, டீ குடிக்கப் போவலாம்," என்று அண்ணன் எழுந்தார். நண்பன் அவரை மறித்தான்.

"அண்ணாத்த, மச்சான் இங்கியே இருக்கட்டுமே."

"அவன் இருந்தா எப்பவும் ஒயுங்காத்தானே ஓடுது? நட."

கடையில் யாருடைய டீயும் முழுதாக உள்ளே இறங்கவில்லை. திரும்பி வந்தபோது விளக்கு திரையில் அசையாமல் எரிந்துகொண்டிருந்தது. அண்ணன் தூசியை ஊதிவிட்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் கட்டைவிரலால் தடவிக்கொண்டே போனார். விரல் எங்கேயும் நிற்கவில்லை.

"மாமண்டூர்க்காரரு ஒரு கல்வெட்டு கேட்டாரே," என்றார் நண்பனிடம், "அவர வரச் சொல்லு."