ஆறு கல்லில் ஒரு மருந்து

என் பெரியப்பா மகளைக் கட்டியவருக்கு ஒரு தம்பி. ஆள் நெட்டை, அதனால் எல்லோருக்கும் ஏணி. கட்டட வேலையில் கீழே நின்று செங்கல்லை வீசுவார். சாரத்தில் நிற்கிற கொத்தனார் பிடித்துக்கொள்வார். பேச்சு குறைவு.

அவர் மனைவிக்கு ஒருமுறை ஒரு மாத்திரை ஆகாமல் போய், உடம்பெல்லாம் தடித்து, தொண்டை அடைத்து, பிழைத்ததே பெரும்பாடு. "இனி எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதல்ல இந்த மருந்து பேரைச் சொல்லிடுங்க. மறுபடி உள்ளே போச்சுன்னா உயிருக்கு ஆபத்து" என்று டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுத்தார். சீட்டு சட்டையோடு துவைக்கப் போய்க் கூழாகிவிட்டது.

இனிக் காகிதத்தை நம்புவதில்லை என்று ஏணி அந்த மாத்திரை வாங்கிய கடைக்கே போனார். கடைக்காரர் ஒரே மூச்சில் சொன்னார், "சல்ஃபாமெதாக்சசோல்."

"மொத்தமா தூக்க முடியலங்க. ஒண்ணொண்ணா குடுங்க."

கடைக்காரர் சிரித்துக்கொண்டே உடைத்துக் கொடுத்தார். சல். ஃபா. மெ. தாக். ச. சோல்.

மறுநாளிலிருந்து வேலையில் வீசுகிற கல்லுக்கு ஒரு துண்டு சொன்னார். ஆறு கல் மேலே போனால் மருந்து ஒரு தரம் முடியும்.

"யோவ், என்னைத் திட்டுறியா?" என்று கத்தினார் கொத்தனார்.

"உன்னைத் திட்ட இவ்வளவு நீளம் எதுக்குய்யா?"

வீட்டில் மனைவி கேட்டாள், "கட்டின நாள்லேர்ந்து என் பேரை இத்தனை தடவை சொல்லியிருப்பீங்களா?"

"உன் பேரு லேசு. வாயை விட்டுப் போகாது."

மழைக்காலத்தில் அவளுக்கு நினைவு தப்புமளவு காய்ச்சல். போனது புது ஆஸ்பத்திரி. அவருக்கு அண்ணியான என் அக்காவும் கூடப் போனாள். அவள் சொல்லித்தான் இது எனக்குத் தெரியும். நர்ஸ் ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டே, "ஒத்துக்காத மருந்து ஏதாவது உண்டா?" என்றார்.

ஏணி வாயைத் திறந்தார். முதல் துண்டே வரவில்லை.

"தம்பி, தினமும் அதைத்தானே ஓதிக்கிட்டிருந்தீங்க!" என்று அக்கா பதறினாள்.

அவர் கட்டிலை விட்டுத் தள்ளி நின்றார். குனிந்தார். வெறுங்கையால் மேலே வீசினார். "சல்." மறுபடி குனிந்தார். "ஃபா." பக்கத்துக் கட்டில் நோயாளி எழுந்தே உட்கார்ந்துவிட்டார்.

"சல்ஃபாவா? போதும், புரிஞ்சுது. இதுவும் அதுதான்." நர்ஸ் கையிலிருந்த ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு வேறு மருந்து எடுக்கத் திரும்பினார்.

"இருங்கம்மா, இன்னும் நாலு கல்லு இருக்கு."

ஏணி குனிந்து நிமிர்ந்து கடைசித் துண்டுவரை ஏற்றிய பிறகுதான் கையைத் தொங்கவிட்டார். அதற்குள் வேறு ஊசி போட்டாகிவிட்டது. விடிவதற்குள் காய்ச்சல் இறங்கியது. கண் விழித்தவள் குடிக்கத் தண்ணீர் கேட்டாள்.